ஐந்து ஆம்பியர்

தூத்துக்குடி
12.01.2025

மாதா துணை.

அன்புள்ள சின்ன அண்ணனுக்கு, தங்கை டெல்பின் எழுதுவது. நான் நல்ல சுகம். கோயம்புத்தூர்க் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் நம்பரை நீங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். வீட்டில் ஃபியூஸ் நிற்பதே இல்லை. தண்ணீர் மோட்டாரைப் போட்டால் மொத்த வீடும் இருட்டாகிவிடுகிறது. கரண்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். "ஒங்க வீட்டுக்கு அந்தக் காலத்துல எழுதிக் குடுத்தது ஒரு கிலோவாட்டுதாம்மா. மூணா ஏத்திக்கிடுங்க, சரியாப் போவும்" என்றார்கள். ஏற்றுவதற்கு, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும். வீட்டையும் இணைப்பையும் அப்பா உங்கள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் குடியிருப்பவள்தானே. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள். வெயில் தொடங்குவதற்குள் முடிந்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
டெல்பின்


கோயம்புத்தூர்
25.01.2025

டெல்பினுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முழங்கால் பல வருடங்களாக வலிக்கிறது. நீ இப்போதுதான் விசாரிக்கிறாய், அதுவும் ஒரு படிவத்தைக் கூடவே வைத்து.

நம் வீட்டில் போனில் சொன்னதை மறுநாள் யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்வதில்லை. அதனால்தான் தடுத்து வைத்தேன். காகிதத்தில் இருப்பதை மறுக்க முடியாது. இனியும் எழுதியே கேள்.

தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று கிலோவாட் எதற்கு? அதாவது மூவாயிரம் வாட். ஒரே நேரத்தில் மூன்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கலாம். நீ சலவைக் கடை வைத்திருக்கிறாயா? காரணம் தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. ஒவ்வொரு சாமானின் பின்னாலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட் என்று போட்டிருப்பார்கள். பார்த்து எழுது. வாட் போடாவிட்டால் ஆம்பியரை எழுது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். பெருக்கல் உனக்கு வராது என்று எனக்குத் தெரியும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்த வீட்டில் நீ இருக்க நான் வைத்தது ஒரே நிபந்தனை. உன் பெரியண்ணன் ரெக்சன் வாசல்படி மிதிக்கக் கூடாது. அம்மாவின் மரணச் செய்தி கேட்டு நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே பெட்டியை மூடிக் குழியில் இறக்கியவன் அவன். பெற்ற தாயின் முகத்தை எனக்குக் காட்டாதவன். அவன் உள்ளே வந்தான் என்று தெரிந்தால் மறுநாளே வீட்டைப் பூட்டுவேன். நிபந்தனை காக்கப்படுகிறதா என்று நீ எழுதவில்லை. எழுது.

அமலன்


தூத்துக்குடி
09.02.2025

மாதா துணை.

அன்புள்ள சின்ன அண்ணனுக்கு, டெல்பின். இங்கே எல்லாரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு முத்துச்செல்வி டார்ச் அடிக்க, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து எழுதினேன். மின்விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் எழுபத்தைந்து. லைட் நான்கு, ஒவ்வொன்றும் இருபது. டிவி எண்பது. மிக்சி எழுநூற்றைம்பது. இஸ்திரிப் பெட்டி ஆயிரம். தையல் மிஷின் மோட்டார் நூறு. ஃபிரிட்ஜ் நூற்றுத் தொண்ணூறு, ஐந்து நட்சத்திரம். தண்ணீர் மோட்டார் அரைக் குதிரை. "அரக் குதிரைன்னா முன்பாதியா பின்பாதியாக்கா?" என்று கேட்கிறாள் முத்துச்செல்வி. உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு மிஷின் இருக்கிறது. அதில் வாட் போடவில்லை. ஐந்து ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஃபியூஸ் மட்டும்தான் தொந்தரவு. சீக்கிரம் கையெழுத்திட்டு அனுப்புங்கள், அண்ணே. கெஞ்சிக் கேட்கிறேன்.

டெல்பின்


கோயம்புத்தூர்
03.03.2025

டெல்பினுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ அதைவிட நலமாக இருக்கிறாய் என்று கணக்கு சொல்கிறது.

முதலில் உன் பிழைகள். ஃபிரிட்ஜின் நூற்றுத் தொண்ணூறு வாட் இல்லை, லிட்டர். நட்சத்திரங்களை நான் எண்ணச் சொல்லவில்லை. அரைக் குதிரை என்றால் முந்நூற்று எழுபத்து மூன்று வாட். உன் சிநேகிதியிடம் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாட் என்பது கரண்டைத் தின்னும் வேகம். தின்று முடித்த அளவு யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நீ எழுதியவற்றையெல்லாம் ஒரு பெண் ஓட்டக்கூடிய நேரத்தால் பெருக்கிக் கூட்டினேன். நாளுக்கு நான்கு யூனிட் வருகிறது. இரண்டு மாதத்துக்கு இருநூற்று நாற்பது. போன வருடமெல்லாம் பில் அப்படித்தான் வந்தது. பில் கட்டுவது நீ. ஆனால் பில்லின் குறுஞ்செய்தி என் போனுக்கு வருகிறது என்பதை மறந்துவிட்டாய். நேற்று வந்தது. ஆயிரத்து அறுபத்தெட்டு யூனிட்.

வித்தியாசத்தை அறுபது நாளால் வகுத்தேன். நாளுக்குப் பதின்மூன்று புள்ளி எட்டு யூனிட். இதைத் தின்பது எது? உன்னுடைய பெயரில்லாத மிஷின். ஐந்து ஆம்பியர், இருநூற்று முப்பது வோல்ட், பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் பதின்மூன்று புள்ளி எட்டு. தசமப் புள்ளி வரை சரி. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் அந்த அளவுள்ள மிஷினுக்கு இந்த நாட்டில் ஒரே பெயர்தான். ஏசி.

வீட்டில் கதவை இறுக்கிச் சாத்தக்கூடிய அறை என்னுடையது ஒன்றுதான். அதில் ஏசி மாட்டி நீ தூங்குகிறாயா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா? ஆளை வைத்து விசாரித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அனுமதியில்லாத சுமை ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று கரண்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். படிவம் என்னிடமே இருக்கட்டும்.

ரெக்சனைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

அமலன்


தூத்துக்குடி
20.03.2025

அமலன் அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க மனசு வரவில்லை.

நீ எழுதிப் போட்டபடி ஆபீசிலிருந்து ஆள் வந்தார். நேசக்குமார் என்று பேர், சின்ன வயசு. தலைக்குமேல் ஆயிரம் வேலை எனக்கு, அவர் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, ஏசி எங்க இருக்கு? ஒங்க அண்ணாச்சி ரெண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பிருக்காவ" என்றார். "வந்து பாருங்க" என்று உன் அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

பெரியண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் அந்த மிஷின். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின். நேசக்குமார் திகைத்து நிற்க, அண்ணன் சொல்கிறார்: "ஏசியத் தேடுதியாடே? நாந்தாம்ல ஏசி. கிட்ட வா, காத்து வருதான்னு பாரு." அந்தப் பையன் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

ஆமாம், பெரியண்ணன் இங்கேதான் இருக்கிறார். டிசம்பர் கடைசியிலிருந்து. முப்பது வருடம் கப்பல் இன்ஜின் ரூம் புகை, மிச்சத்துக்கு பீடி. இரண்டு நுரையீரலும் போய்விட்டது. மதினி போய்ச் சேர்ந்தாச்சு. பிள்ளைகள் கத்தாரில். வாடகை வீட்டுக்காரர் "இங்கன வச்சு ஏதும் ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது" என்று காலி செய்யச் சொன்னார். நான் எங்கே கொண்டு போக?

மிஷின் அமெரிக்காவில் இருக்கும் நம் பெரியப்பா வீட்டு பிளாரன்ஸ் மதினி கப்பலில் கொடுத்துவிட்டது. அந்த ஊர்க் கரண்டுக்குச் செய்தது. தகட்டில் நூற்றுப் பதினைந்து வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வைத்து ஓட்டுகிறோம். நீ வோல்ட்டைக் கேட்கவே இல்லை. கப்பல்காரன் வீட்டில் பிறந்தவன், சப்பான் ரேடியோவும் டிரான்ஸ்பார்மருமாக வளர்ந்தவன், வோல்ட்டைப் பார்க்காமல் பெருக்கலாமா, பேராசிரியரே? நூற்றுப் பதினைந்தை ஐந்தால் பெருக்கு. ஐந்நூற்று எழுபத்தைந்து. அது பன்னிரண்டு மணி நேரம் ஓடவில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. நிறுத்தினால் அவர் நின்றுவிடுவார். இப்போது பெருக்கிப் பார், உன் தசமப் புள்ளி சரியாக வருகிறதா என்று.

நேசக்குமார் போகும்போது, "அக்கா, புகார்னு வந்த பொறவு நான் எழுதாமப் போக முடியாது. ஏப்ரல் முப்பதுக்குள்ள சுமைய ஏத்திக்கிடுங்க. இல்லன்னா லைனக் கழத்தச் சொல்லி ஆர்டர் வந்துரும்" என்றார். அவர்மேல் குற்றமில்லை, விதி அது. எழுதிப் போட்டவன் நீ.

உன் கையெழுத்து வேண்டும். அவர் மூச்சு அதில் இருக்கிறது.

டெல்பின்


கோயம்புத்தூர்
28.03.2025

டெல்பினுக்கு,

வோல்ட்டைக் கேட்காமல் பெருக்கியது என் பிழை. ஆயிரத்து நூற்றைம்பது பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும், ஐந்நூற்று எழுபத்தைந்து நாள் முழுக்க ஓடினாலும், விடை ஒன்றுதான். அதனால் பிழை கண்ணில் படவில்லை. இதை ஒரு மாணவன் செய்திருந்தால் பாதி மதிப்பெண் குறைத்திருப்பேன்.

என் பிழை பெருக்கலில். உன் பிழை பொய்யில். "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது" என்று எழுதினாயே, அவனை என் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு. ஊரில் அத்தனை வீடு இருக்க என் அறைதான் கிடைத்ததா?

நான் அன்று வந்து இறங்கியபோது எல்லாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தீர்கள். கால் கழுவ வாசலில் தண்ணீர் வைத்திருந்தது. அவன் என்னைப் பார்த்து, "காபி குடிக்கியா?" என்றான். வேறு ஒரு சொல் இல்லை. பதினோரு வருடமாக அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

அவனுடைய மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஏன் மூடச் சொன்னான்? அதை அவன் எழுதித் தர வேண்டும். நீ அவனுக்காக எழுதும் சமாதானம் செல்லாது. அது வந்த பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அமலன்


தூத்துக்குடி
04.04.2025

(பெரியண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில் கோடு போடச் சொன்னார். — டெல்பின்)

ஏலே அமலா,

நல்லாருக்கியா. நான் நல்லால்ல.

எழுதிக் கேட்டிருக்க. தாரேன், வாங்கிக்க. பெட்டிய மூடச் சொன்னது நாந்தான். — சாமியார் இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்போம்னாரு. எட்டயபுரம் தாண்டிட்டேன்னு நீ போன் பண்ணுன. எனக்குத் தெரியும். — தெரிஞ்சுதான் மூடச் சொன்னேன்.

ஏன்னு கேளு. மூணு வருசம் நீ ஊருப்பக்கம் தல வச்சுப் படுக்கல. கிறிஸ்மசுக்கு வாரேன்னு சொல்லுவ. அம்மை கல்கல்லு பலகாரம் செஞ்சு டின்னுல போட்டு வச்சிருப்பா. — பொங்கல் வரைக்கும் அது அப்படியே கெடக்கும். "சின்னவன் வாரானால"ன்னு என்னையக் கேப்பா. லீவு இல்லியாம்மான்னு ஒனக்காகப் பொய் சொன்னது எவன்? நான். — கடைசி ராத்திரியும் சொன்னேன். வந்துட்டே இருக்கான்மான்னேன். நீ அப்பம் கெளம்பக்கூட இல்ல.

உசுரோட இருக்கையில பாக்க வராதவனுக்குச் செத்த மொகம் எதுக்குன்னு நெனச்சேன். — மூடுங்கன்னேன். இப்பமும் அப்படித்தான் நெனைக்கேன். வருத்தமெல்லாம் கெடையாது.

ஒன்னு மட்டும் கேட்டுக்க. குழியில மண்ணு போடையில நான் ரெண்டு பிடி போட்டேன். ஒன்னு எம் பேருக்கு. — இன்னொன்னு ஒம் பேருக்கு. மக்கமாருல ஒருத்தன் மண்ணு கொறஞ்சு அம்மை போகக் கூடாதுன்னு. ஒனக்காகப் போடல, அவளுக்காகப் போட்டேன். நன்றி கின்றின்னு எழுதித் தொலைக்காத.

கையெழுத்துப் போட்டாப் போடு. போடாட்டா விடு. — ஒன் காலப் பிடிக்கதுக்கு இந்த மூச்ச செலவழிக்க முடியாது.

ரெக்சன்


தூத்துக்குடி
18.04.2025, பெரிய வெள்ளி

சின்ன அண்ணனுக்கு,

பெரியண்ணன் கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை.

நேற்றுப் பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்குக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். போகிற அவசரத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். மோட்டார், ஃபிரிட்ஜ், மிஷின் மூன்றும் சேர்ந்து இழுத்து ஃபியூஸ் போய்விட்டது. கரண்ட் நின்றால் மிஷின் கத்தும். அந்தச் சத்தம் கேட்டு முத்துச்செல்வி சுவரேறிக் குதித்து வந்து, அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றியிருக்கிறாள். நான் வந்து பார்க்கும்போது அண்ணனுக்கு உதடெல்லாம் நீலம். பேச்சு வந்ததும் முதலில் சொன்னது இது: "பெரிய வியாழனுக்கு எங் காலக் கழுவ ஒரு நாதியும் வரல ஏளா. இவதான் வந்தா. இவளயே போப்பாண்டவரா ஆக்கிருங்க."

நான் சிரித்தேன். அப்புறம் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன்.

இப்போது அவரிடம் சண்டை போட நேரமில்லை. உன்னிடமும் இல்லை. முப்பதாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

டெல்பின்


தூத்துக்குடி
23.04.2025

அண்ணே,

ஈஸ்டர் வாழ்த்து. சுகமா?

வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். தபாலில் ஒரு வரி போடு. மாட்டேன் என்றாவது எழுது. நான் வேறு இடம் பார்க்க வேண்டும். நடக்க முடியாத ஆளையும் நிறுத்த முடியாத மிஷினையும் எந்த வீட்டில் ஏற்றுவது என்று தெரியவில்லை. ஆனால் பார்க்க வேண்டும்.

டெல்பின்


கோயம்புத்தூர்
26.04.2025
(விரைவுத் தபால்)

ரெக்சனுக்கு,

உன் உடல்நிலை எனக்குத் தெரியும், விசாரிக்கவில்லை. அண்ணன் என்று எழுதவில்லை, அதைக் கவனித்திருப்பாய்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மூன்று வருடம் வரவில்லை என்கிறாய். சரி, வரவில்லை. ஏன் என்று அன்றைக்கு நீ கேட்கவில்லை. இன்றைக்கு நான் காகிதத்தில் எழுதப்போவதில்லை. கல்கல்லு டின்னைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. நீயும் இப்போதுதான் சொல்கிறாய், பதினோரு வருடம் கழித்து, மூச்சு முட்டும்போது.

என் பேருக்கு மண் போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உன்னை யார் போடச் சொன்னது? முகத்தைத்தான் மறைத்தாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கைப்பிடி மண்ணையும் நீயே போட்டுவிட்டிருக்கிறாய். அம்மாவுக்கு நான் செய்யவென்று எதையாவது விட்டுவைத்தாயா? இதைப் படித்த இரவு எனக்கு உன்மேல் இருந்த கோபம் கூடியது. அதனால்தான் பதில் எழுதத் தாமதமாயிற்று. கோபத்தோடு கையெழுத்துப் போட்டால் வங்கியில்கூடச் செல்லாது.

படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டிருக்கிறேன். மூன்று கிலோவாட். கைக்குக் கிடைத்த அன்றே டெல்பின் நேரில் கொடுக்க வேண்டும். என் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன்.

டெல்பினிடம் சொல்: டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் தொட்டுப் பார்க்கட்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அது உன் மிஷினுக்குச் சிறியது. ஆயிரம் வாட் தாங்குவதாக வாங்க வேண்டும். மிஷின் கிளம்பும்போது தகட்டில் போட்டிருப்பதைவிட அதிகம் இழுக்கும். தண்ணீர் மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கச் சொல். இன்வெர்ட்டர் ஒன்றும் இரண்டு பேட்டரியும் இங்கிருந்து பார்சல் லாரியில் ஏற்றியிருக்கிறேன். பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர்-மணி, இரண்டு. பெருக்கினால் மூவாயிரத்து அறுநூறு. அதை ஐந்நூற்று எழுபத்தைந்தால் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குமேல் வரும். அதை நம்பாதே. பேட்டரி தகட்டில் இருப்பதைத் தராது, டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் தின்னும். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள். அதற்குள் கரண்ட் வராவிட்டால் சிலிண்டருக்கு மாற வேண்டும். இந்தத் தடவை வோல்ட்டை எல்லாம் பார்த்துத்தான் பெருக்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் சமாதானம் என்று நினைத்துக்கொண்டு டெல்பின் கோயிலில் மெழுகுதிரி ஏற்றக் கிளம்பிவிடப் போகிறாள். வேண்டாம் என்று சொல். உன்னிடம் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் ஒன்றுகூட நல்ல வார்த்தை இல்லை. எழுதினால் நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நீ பதிலுக்கு ஏச வேண்டும், அதற்கு நான் திரும்ப ஏச வேண்டும்.

கல்லூரித் தேர்வு மே பதினாறில் முடிகிறது. பதினேழாம் தேதி சாயங்காலம் வருகிறேன். என் அறையை ஒழிக்க வேண்டாம், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

மிஷினை நிறுத்தாதே. நான் வந்து சேரும்வரை காத்திரு.

அமலன்